சேற்றைத் தொடாத சேறுதாண்டி

முன்னால் இரண்டு கொடுவாள். பின்னால் ஒரு சாமரம். நடுவில் நகரும் கரும்பாறை. வெயில் ஏறினால் சேற்றில் கிடக்கும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்!

எருமை என்றுதானே சொன்னீர்கள்? சரிதான். ஆனால் இதே விடுகதையைப் புங்கங்காட்டில் போய்ப் போட்டுப் பாருங்கள். "முதல் மூன்றும் சரி. நாலாவது தப்பு. எங்கள் எருமை சேற்றில் கிடக்காதே!" என்பார்கள்.

அவர்கள் சொன்ன எருமையின் பெயர் சேறுதாண்டி. அது அதன் பாட்டன் வாங்கிய பட்டம். அந்தப் பாட்டன் எருமை வயிறு முட்டச் சேற்றில் இறங்கி, முதுகில் ஏறியவர்களை அக்கரை சேர்க்கும். பேரனுக்குப் பட்டம் மட்டும் வந்து சேர்ந்தது.

எருமைமேல் மழை பெய்த மாதிரி என்று ஒரு பேச்சு உண்டல்லவா? இந்த எருமைமேல் ஒரு தூறல் விழுந்தால் போதும், ஒரு வாரம் தும்மும்!

ஒருநாள் காலையில் அந்தக் காட்டில் ஒரு முள்ளம்பன்றிக் குடும்பத்துக்குப் பெரிய சங்கடம் வந்தது. அம்மா முள்ளம்பன்றியின் பெயர் சிலுப்பி. அப்பாவின் பெயர் கூரன். இருவருக்கும் ஒரே குட்டி, மிளகு. அந்த மிளகு விளையாட்டாக ஒரு குன்றிமணியை எடுத்து மூக்கில் போட்டுக்கொண்டது. போனது போனதுதான், வெளியே வரவில்லை.

"ஏண்டா அதை மூக்கில் போட்டாய்?" என்று சிலுப்பி அலறியது.

"பொருந்துதா என்று பார்த்தேன்" என்றது மிளகு. ஆனால் அப்படிக் கேட்கவில்லை. மூக்கு அடைத்தால் பேச்சு எப்படி ஆகும் தெரியுமா? 'ம' எல்லாம் 'ப' ஆகிவிடும். 'ந' எல்லாம் 'த' ஆகிவிடும். நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு "மாமா" என்று சொல்லிப் பாருங்கள்.

"உன் பெயரைச் சொல்லு, கண்ணு!" என்றது கூரன்.

"பிளகு!"

"ஐயோ! அம்மா என்று ஒருதரம் கூப்பிடு!" என்றது சிலுப்பி.

"அப்பா!"

"என்னடா?" என்று கூரன் திரும்பியது.

"உங்களை இல்லை, என்னை!" என்று சிலுப்பி அழுதது. காலையிலிருந்து இதே கதைதான். குட்டி அம்மாவைக் கூப்பிட்டாலும் அப்பாவைக் கூப்பிட்டாலும் கூரன்தான் ஓடியது.

இது சிரிக்கிற விஷயமும் இல்லை. மூக்கு அடைத்த குட்டியால் பால் குடிக்க முடியவில்லை. ஒரு வாய் உறிஞ்சும், மூச்சு முட்டும், விட்டுவிட்டு அழும். பசியில் அதன் குட்டி முட்கள்கூடத் துவண்டு தொங்கின.

காட்டில் மூக்கு வைத்தியம் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் நாரை வைத்தியர். நீண்ட அலகை உள்ளே விட்டு எதையும் எடுத்துவிடுவார். ஆனால் அவர் இருந்தது சதுப்பின் அக்கரையில். கிளியிடம் சொல்லி அனுப்பினார்கள். கிளி பறந்துபோய்ப் பதிலோடு திரும்பியது.

"வைத்தியர் வீட்டில் கூட்டம் நெருக்குகிறது. அவர் வரமாட்டாராம். குட்டியைக் கொண்டு வரச் சொன்னார். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்று பொழுது சாய்ந்ததும் அவர் தெற்கே பறந்துவிடுவார். இனி அடுத்த பருவத்துக்குத்தான் வருவார்!"

சிலுப்பி குட்டியை வாரி எடுத்துக்கொண்டது.

அந்தப் பக்கமாகக் காட்டுப்பன்றி ஒன்று வந்தது. உடம்பெல்லாம் சேறு. "என்ன தங்கச்சி, குட்டி அழுகிறது? அக்கரைக்கா? ஏறுங்கள் முதுகில்! சதுப்பு எனக்குச் சமையல்கட்டு மாதிரி. ஒரே ஓட்டத்தில் விட்டுவிடுகிறேன்!"

சிலுப்பிக்கு முட்களெல்லாம் நிமிர்ந்தன. "யாருக்கு யார் தங்கச்சி? எங்கள் பெயரில்தான் பன்றி இருக்கிறது, பரம்பரையில் இல்லை!"

"சரி, நீங்கள் சொன்னால் சரி" என்று காட்டுப்பன்றி தன் வழியே போய்விட்டது.

"ஏன் விரட்டினாய்? நல்ல வாய்ப்பு போச்சே!" என்றது கூரன்.

"அதன் முதுகில் போனால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? பார், சொந்தக்காரர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்லும். போவதென்றால் சேறுதாண்டியில்தான் போக வேண்டும்!" என்றது சிலுப்பி.

சேறுதாண்டி ஆலமரத்தடியில் நின்றிருந்தது. அதன் கொம்பில் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்து வாலை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தது. சவாரிக்கு ஆள் பிடிப்பது அந்தக் கரிச்சானின் வேலை.

"வாங்க, வாங்க! பாறையா? ஏறும்! ஆறா? நீந்தும்! சேறா? தாண்டும்! பரம்பரைச் சவாரி! சொகுசுச் சவாரி!"

சிலுப்பி வாயைப் பிளந்து பார்த்தது. எருமையின் முதுகில் முழங்கால் உயரத்துக்குப் பாசி மெத்தை. அதன்மேல் தேக்கிலைக் கூரை. கூரையின் நடுவே வானம் பார்க்க ஒரு திறப்பு. பக்கத்துக்கு ஒரு மயில்தோகை விசிறி. கூரையின் நாலு மூலையிலும் பாட்டுப் பாடச் சிள்வண்டு. தேன் குடிக்க வாழைமடல். குளம்பு நாலும் புங்க எண்ணெய் பூசிப் பளபளத்தன. கொம்புக்கு முன்னால் ஒரு பெரிய மூங்கில் தடுப்பு கட்டியிருந்தது.

"இந்த மூங்கில் எதைத் தடுக்க?" என்று கூரன் கேட்டது.

"பார்க்கிறவர்கள் வாயைத் தடுக்க!" என்றது கரிச்சான்.

எருமையின் கால்களில் அங்கங்கே சேற்றுப் பொட்டுகள் தெரிந்தன. சிலுப்பிக்கு நம்பிக்கை வந்தது. "பார்த்தீர்களா, சேற்றில் போய்வந்த அடையாளம்!" என்று கணவனின் காதில் சொன்னது. தினமும் காலையில் கரிச்சான் செம்மண்ணைக் குழைத்து இறகால் தொட்டு வைக்கும் பொட்டுகள் அவை என்று சிலுப்பிக்கு எப்படித் தெரியும்?

"அக்கரைக்குப் போக வேண்டும். அவசரம்! சதுப்பைக் கடக்குமா?" என்றது சிலுப்பி.

"என்ன அம்மா இப்படிக் கேட்டுவிட்டீர்கள்? பெயரைப் பாருங்கள், பெயரை!" என்றது கரிச்சான். பிறகு எருமையின் காதில் குனிந்து, "படு!" என்றது.

எருமை முழங்காலை மடக்கிப் படுத்தது. மூவரும் ஏறினார்கள்.

"எழு!" என்றது கரிச்சான். எருமை எழுந்தது. படு, எழு. இந்த இரண்டு உத்தரவுதான் அதற்குத் தெரியும். ஆலமரத்திலிருந்து அருவிவரை, யானைகள் மிதித்துச் சமமாக்கிய பாதையில் போய்வர வேறென்ன தெரிய வேண்டும்?

சவாரி என்றால் அதுதான் சவாரி! ஒரு குலுக்கல் இல்லை. சிள்வண்டு பாடியது. விசிறி வீசியது. கூரன் வாழைமடலில் தேனை நக்கிக்கொண்டே, "நீ சொன்னது சரிதான், சிலுப்பி. முதுகில் இருப்பதே தெரியவில்லை!" என்றது. மிளகு திறப்பின் வழியே தலையை வெளியே நீட்டி வேடிக்கை பார்த்தது.

வழியில் ஒரு சின்னப் பள்ளம் வந்தது. எருமை சுற்றிக்கொண்டு போனது. ஒரு வேர் குறுக்கே கிடந்தது. அதையும் சுற்றிக்கொண்டு போனது. ஒரு நத்தை போய்க்கொண்டிருந்தது. எருமை நின்று, நத்தை போகும்வரை காத்திருந்தது.

"கொஞ்சம் சீக்கிரம்!" என்றது சிலுப்பி.

"வேகமாகப் போனால் தேன் சிந்தும்" என்றது எருமை. அதன் குரல்கூட மெத்தென்று இருந்தது.

இப்படியே சதுப்பின் கரைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. எதிரே கரேலென்ற சேறு. அதற்கு அப்பால், கண்ணுக்கெட்டும் தூரத்தில் நாரை வைத்தியரின் மரம் தெரிந்தது. நாரை கிளையில் நின்று ஒரு சிறகை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வந்துவிட்டோம்! இறங்கு, சேறுதாண்டி!" என்று சிலுப்பி கத்தியது.

எருமை ஒரு குளம்பின் நுனியைச் சேற்றின்மேல் வைத்தது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டது. "சீ! ஈரமாக இருக்கிறது!"

"சேறு என்றால் ஈரமாக இல்லாமல் எப்படி இருக்கும்?" என்றது கூரன்.

"நான் இதில் இறங்குவதா? என் பெயர் என்ன? சேறுதாண்டி! சேற்றைத் தாண்டி வந்துவிட்டவன் என்று அர்த்தம். தாண்டி வந்தவன் மறுபடியும் எதற்கு அதற்குள் போக வேண்டும்?"

சிலுப்பி கரிச்சானைப் பார்த்தது. கரிச்சான் வாலை ஆட்டுவதை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தது.

"ஏய் கரிச்சான்! சேறா, தாண்டும் என்றாயே?"

"தாண்டும் என்றேன். இன்றைக்கே தாண்டும் என்று சொன்னேனா?" என்றது கரிச்சான். "கவலைப்படாதீர்கள். கரையோரமாகவே மேட்டு வழி ஒன்று போகிறது. சுற்றுதான். நாளைக்குக் காலையில் சேர்ந்துவிடலாம்."

"நாளைக்கு வைத்தியர் இருக்கமாட்டாரே!"

எருமை அதைக் காதில் வாங்கவில்லை. கரையோரமாக நடக்கத் தொடங்கிவிட்டது. சிலுப்பி குட்டியைக் குனிந்து பார்த்தது. மிளகின் மூக்கு நீலம் பாரித்திருந்தது. மடியில் சேர்த்துப் பால் கொடுத்துப் பார்த்தது. மிளகு ஒரு வாய் உறிஞ்சி, திணறி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. சிலுப்பி காட்டுப்பன்றியை நினைத்துக்கொண்டது. 'தங்கச்சி என்றுதானே கூப்பிட்டது? கூப்பிட்டால் என் முள் உதிர்ந்துவிடுமா?' என்று மனம் குத்தியது.

மிளகு மறுபடியும் திறப்பின் வழியே தலையை நீட்டியது. காலடியில் கிடப்பது தெரியுமே தவிர, தூரத்தில் என்ன இருக்கிறது என்று எருமைக்குத் தெரியாது. கூரை கண்ணை மறைத்தது, விசிறி பக்கத்தை மறைத்தது, மூங்கில் தடுப்பு மீதியை மறைத்தது. மேலே இருந்த மிளகுக்கு மட்டும் எல்லாம் தெரிந்தது. கரை ஓரிடத்தில் சரிந்திருந்தது. அதன் அடியில் ஒரு மடு. மடு என்றால் தெரியுமல்லவா? சேறும் தண்ணீரும் தேங்கி நிற்கிற ஆழமான பள்ளம்.

மிளகு பயந்துபோய் உரக்கக் கத்தியது. "மடு! மடு!"

ஆனால் வெளியே வந்தது என்ன?

"படு! படு!"

எருமை நின்றது. காலையிலிருந்து நடந்து அதற்கும் கால் வலி. "ஆகட்டும்!" என்று சந்தோஷமாக முழங்காலை மடக்கியது.

"ஐயோ, வேண்டாம்! அது படு இல்லை..." என்று சிலுப்பி முடிப்பதற்குள் எருமை சரிந்த கரையின் விளிம்பில் படுத்தேவிட்டது. விளிம்பு பொடிந்தது. எருமை, மெத்தை, கூரை, மூன்று முள்ளம்பன்றிகள் எல்லாம் ஒன்றாகச் சறுக்கின.

தொபுக்கடீர்!

சேறு பனைமர உயரத்துக்குத் தெறித்தது. பாசி மெத்தை கழன்று மிதந்தது. தேக்கிலைக் கூரை தவளைகளுக்குப் படகானது. மூங்கில் தடுப்பு எதையும் தடுக்காமல் நாலாக உடைந்தது. சிள்வண்டுகள் பாட்டை நிறுத்திவிட்டுப் பறந்தன. சிலுப்பி ஒரு கையால் குட்டியையும் ஒரு கையால் கொம்பையும் பிடித்துக்கொண்டது. கூரன் வாலில் தொங்கியது.

"சேறு! சேறு! என் குளம்பு! என் எண்ணெய்! யாராவது காப்பாற்றுங்கள்!" என்று எருமை கதறியது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டது.

பிறகு ஒரு கண்ணைத் திறந்தது. பிறகு இன்னொரு கண்ணை.

"ஆகா!" என்றது.

"என்ன?" என்றது சிலுப்பி.

"குளு குளுவென்று இருக்கிறது. ஈ கடிக்கவில்லை. வெயில் தெரியவில்லை. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று இத்தனை நாள் எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?" எருமை கழுத்துவரை அமிழ்ந்து, மெதுவாக அசைபோடத் தொடங்கியது.

"எழு! எழு! மானம் போகிறது!" என்று கரிச்சான் தலைக்குமேல் வட்டமடித்தது.

"போகட்டும். கூடவே வெயிலும் போகிறது பார்" என்றது எருமை. எழு என்ற சொல் மட்டும் அதன் காதில் ஏறவே இல்லை.

"அண்ணே! எழுந்திருங்கள், அண்ணே! குட்டிக்கு மூச்சு முட்டுகிறது!" என்று சிலுப்பி கெஞ்சியது.

"படுக்கச் சொன்னது உங்கள் குட்டிதானே?"

"அது படு இல்லை அண்ணே, மடு!"

"எனக்கு இப்போது இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்லி எருமை கண்ணை மூடிக்கொண்டது.

அக்கரையில் நாரை இரண்டு சிறகையும் விரித்தது. சூரியன் மரங்களின் உச்சியைத் தொட்டுவிட்டது.

சிலுப்பி எருமையின் முதுகைப் பார்த்தது. மெத்தை இல்லை. கூரை இல்லை. வெறும் கருந்தோல்தான் இருந்தது. முள்ளம்பன்றி ஒன்றைத் தாக்க வேண்டுமென்றால் முன்னால் பாயாது. திரும்பி நின்று, முள்ளைச் சிலிர்த்து, பின்பக்கமாகப் பாயும். அதுதான் அதன் குலவழக்கம்.

"குட்டியைப் பிடியுங்கள்!" என்று சிலுப்பி கூரனிடம் கத்தியது. கூரன் வாலைவிட்டு ஏறி வந்து மிளகை அணைத்துக்கொண்டது. சிலுப்பி எருமையின் பின்முதுகுக்குப் போனது. திரும்பியது. முட்களை எல்லாம் நிமிர்த்தியது.

"மன்னித்துக்கொள்ளுங்கள், அண்ணே!"

சுருக்!

"அம்மாடியோவ்!"

அந்தச் சத்தத்தில் மடுவில் இருந்த தவளைகள் எல்லாம் கரையேறின. எருமை எழுந்தது என்று சொல்வது சரியாகாது. கிளம்பியது! சேற்றைப் பிளந்துகொண்டு பாய்ந்தது. அகலமான குளம்புகள் தாமாகவே விரிந்து சேற்றை மிதித்தன. தோள் தள்ளியது. கழுத்து நீண்டது. எங்கே ஆழம், எங்கே கெட்டி என்று எருமைக்குத் தெரியாது. அதன் கால்களுக்குத் தெரிந்திருந்தது!

"அட! அட! ஓடுகிறேனே! நான்தானா இது?" என்று எருமை ஓடிக்கொண்டே கேட்டது.

"நீங்கள்தான்! நிற்காதீர்கள்!" என்றது சிலுப்பி.

கரிச்சான் பக்கத்திலேயே பறந்து வந்தது. "பார்த்தீர்களா! சேறா? தாண்டும்! நான் என்ன சொன்னேன்?" என்று ஒருவரும் கேட்காமலே கத்திக்கொண்டு வந்தது.

முதுகில் மெத்தை இல்லை அல்லவா? ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் மூன்று பேரும் ஒரு முழம் எகிறி விழுந்தார்கள். குலுக்கல் என்றால் அப்படி ஒரு குலுக்கல்! கூரன் காலையில் நக்கிய தேன் தொண்டைக்கு வந்துவிட்டது. மிளகின் முகமெல்லாம் சேறு அடித்தது. அந்தச் சேறு மூக்கில் ஏறியது. மிளகு வாயைத் திறந்தது. கண்ணைச் சுருக்கியது.

"ஆ... ஆ... அச்ச்ச்சூ!"

குன்றிமணி கவண்கல் மாதிரிப் பறந்தது. சரியாக அதே நேரத்தில் நாரை கிளையைவிட்டுக் கிளம்பியது. குன்றிமணி அதன் அலகில் டொக்கென்று பட்டது. நாரை கீழே இறங்கி, அலகைத் தடவிக்கொண்டு, "அடுத்தது யார்?" என்றது.

எருமை கரையேறி மூச்சு வாங்கியது. சிலுப்பி குட்டியை நாரையிடம் நீட்டியது. நாரை ஒரு மூக்குத்துளையைப் பார்த்தது. மறு துளையையும் பார்த்தது.

"ஒன்றுமே இல்லையே! எதற்கு அழைத்து வந்தீர்கள்?"

சிலுப்பி மிளகின் முகத்தைத் துடைத்தது. "கண்ணு, என்னைக் கூப்பிடு பார்ப்போம்."

"அம்மா! பசிக்கிறது!" என்றது மிளகு.

சிலுப்பி அங்கேயே உட்கார்ந்து குட்டியை அணைத்துக்கொண்டு அழுதது. மிளகு மூச்சு விடாமல் பால் குடித்தது.

நாரை வைத்தியர் கீழே இறங்கியதற்கும் ஒரு வேலை கிடைத்தது. எருமையின் பின்பக்கத்தில் தைத்திருந்த முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எருமை ஒரு முள்ளுக்கு ஒருமுறை "ம்மா" என்றது.

"வலிக்கிறதா, அண்ணே?" என்று சிலுப்பி வெட்கத்தோடு கேட்டது.

"வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் உன்மேல் கோபமில்லை. எனக்கு இப்படி ஓட வரும் என்று எனக்கே தெரியாது. இத்தனை நாள் பொட்டு வைத்துக்கொண்டு திரிந்தேனே!" என்றது எருமை.

"நாளைக்கே புது மெத்தை பின்னிவிடலாம்! பழைய மெத்தையைவிட இரண்டு மடங்கு உயரத்துக்கு!" என்றது கரிச்சான்.

எருமை காதை ஒரு ஆட்டு ஆட்டியது. கரிச்சான் பறந்து போய்க் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

பாட்டன் வாங்கிய பெயர் ஆபத்துக்கு உதவாது. சேற்றில் இறங்குகிற கால்தான் உதவும்.

நாரை தெற்கே பறந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்ப மேட்டு வழியாகப் போவதா, சேற்று வழியாகப் போவதா என்று எருமை கேட்டது. மேட்டு வழி காய்ந்த வழி, குலுங்காது என்று கூரன் சொன்னது. குட்டியே சொல்லட்டும் என்றது சிலுப்பி.

மிளகு சேற்று வழி என்றது.